வைத்தாங்கி ஒப்பந்தமும் குடியேறிய நாமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூசிலாந்து நாடாளுமன்றத்திலிருந்து, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி இனத்தைச் சேர்ந்த மூன்று உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்ட செய்தியைத் தாங்கள் படத்துடன் வெளியிட்டிருந்தீர்கள். 'நடனமாடிய எம்.பி.க்களுக்குத் தண்டனை' என்ற அந்தத் தலைப்பையும், அதைத் தொடர்ந்து இதே பகுதியில் வாசகர் ஒருவர் 'எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று கேட்பதில் என்ன தவறு, பூர்வகுடிகளுக்கு மட்டும் எதற்குத் தனிச் சலுகை?' என்று எழுதிய கடிதத்தையும் படித்த பிறகு, வெலிங்டனில் குடியிருக்கும் தமிழன் என்ற முறையில் பதில் எழுதவேண்டும் என்று தோன்றியது. அந்த வாசகரின் கேள்வி புதிதன்று. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிறந்தநாள் விருந்துகளில், சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நம்மவர்கள் இதையே இன்னும் சற்று உரத்த குரலில் கேட்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 14 அன்று, ஆளும் கூட்டணியின் சிறிய கட்சியான ஆக்ட் கட்சியின் தலைவர் டேவிட் சீமோர் கொண்டுவந்த ஒப்பந்தக் கோட்பாடுகள் மசோதா (1840இல் பிரிட்டிஷ் அரசும் மாவோரி தலைவர்களும் செய்துகொண்ட வைத்தாங்கி ஒப்பந்தத்தின் பொருளை வரையறுக்க முனைந்தது) முதல் வாசிப்புக்கு வந்தது. வாக்களிக்கும் முறை வந்தபோது, மாவோரி கட்சி உறுப்பினரான 22 வயது ஹானா-ராவ்ஹிதி மைப்பி-கிளார்க் எழுந்து நின்று, மசோதாவின் நகலை இரண்டாகக் கிழித்துவிட்டு 'கா மாத்தே' என்ற ஹக்காவை, அதாவது மாவோரியரின் மரபு முழக்க நடனத்தைத், தொடங்கினார். எதிர்க்கட்சி இருக்கைகளிலிருந்து சிலரும் பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொள்ள, அவைத் தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்து மாடத்தைக் காலி செய்யச் சொன்னார். இதற்காக 2025 ஜூன் 5 அன்று அவருக்கு 7 நாளும், மாவோரி கட்சியின் இணைத் தலைவர்களான டெபி நாரேவா-பாக்கருக்கும் ராவிரி வைத்தித்திக்கும் தலா 21 நாளும் இடைநீக்கம் விதிக்கப்பட்டன. அதற்கு முன் அந்த அவையில் எவரும் மூன்று நாளுக்கு மேல் இடைநீக்கம் செய்யப்பட்டதில்லை. அவை விதியை அவர்கள் மீறினார்கள் என்பதை மறுப்பதற்கில்லை; இருக்கையை விட்டு எதிர் வரிசையை நோக்கி நடந்ததை மற்ற உறுப்பினர்கள் அச்சுறுத்தலாகக் கொள்ளலாம் என்று இதை விசாரித்த நாடாளுமன்ற உரிமைக் குழு சொன்ன வாதத்தையும் நான் முழுமையாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் முந்தைய தண்டனைகளை ஏழு மடங்கு தாண்டியதற்கு விதிமீறலைவிடக் கோபமே காரணம் என்பது என் எண்ணம்.

அந்த மசோதா என்ன சொன்னது என்பதுதான் தங்கள் செய்தியில் விடுபட்டுப்போயிற்று. அரசுக்கு ஆள்வதற்கான முழு அதிகாரம் உண்டு என்பது அதன் முதல் கோட்பாடு; சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பது மூன்றாவது. இரண்டுக்கும் நடுவில், படிப்பவர் கண்ணில் எளிதில் படாத இடத்தில், மாவோரி குலங்களுக்கு ஒப்பந்தம் அளித்த உரிமைகள் மற்றவர்களின் உரிமைகளிலிருந்து வேறுபட்டால், அவை பழைய இழப்புகளுக்காக அரசோடு கண்ட உரிமைக்கோரல் தீர்வு ஒன்றில் ஏற்கப்பட்டிருந்தால் மட்டுமே செல்லும் என்று எழுதியிருந்தது. இரு தரப்பு கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தத்தின் பொருளை, ஒரு தரப்பு மட்டும், தான் பெரும்பான்மையாக இருக்கும் அவையில் வைத்துத் திருத்தி எழுதும் முயற்சி இது. நிலப் பத்திரத்தில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர், மற்றவரைக் கேட்காமல் ஷரத்துகளை மாற்றி எழுதிக்கொண்டு வந்து 'இனி இருவருக்கும் ஒரே நியாயம்' என்று சொன்னால், அதை நம் ஊர்ப் பஞ்சாயத்து ஏற்குமா?

1840 பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கியில் தொடங்கி, அடுத்த சில மாதங்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாவோரி தலைவர்கள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அவர்களில் 39 பேர் மட்டுமே ஆங்கிலப் பிரதியில் கையெழுத்திட்டவர்கள். மற்ற அனைவரும் தங்கள் மொழியில் இருந்த பிரதியில்தான் கையெழுத்திட்டார்கள். அந்தப் பிரதியின்படி அவர்கள் ஆங்கில அரசிக்குக் கொடுத்தது ஆளுநர் ஆட்சியை. நிலம், ஊர், உடைமை ஆகியவற்றின் மீதான தலைமை அதிகாரத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலப் பிரதியோ இறைமை முழுவதும் ஒப்படைக்கப்பட்டதாகச் சொல்கிறது. 1840 பிப்ரவரியில் கையெழுத்திட்ட வடபகுதித் தலைவர்கள் தங்கள் இறைமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று வைத்தாங்கி தீர்ப்பாயமே 2014இல் தன் அறிக்கையில் கூறியிருக்கிறது. சட்டத்தால் அமைக்கப்பட்ட ஓர் ஆணையத்தின் முடிவு அது. தெருவில் எழுப்பிய கோஷமன்று.

'எல்லோருக்கும் ஒரே சட்டம்' என்று கேட்கும் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமத்துவம் அந்த ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் குடிமக்களுக்கு உள்ள எல்லா உரிமைகளும் மாவோரியருக்கும் உண்டு என்று அதில் உறுதி கூறப்பட்டது. அதற்கு என்ன நேர்ந்தது? 1863இல் இயற்றிய சட்டத்தின் துணையோடு வைக்காட்டோ பகுதியில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கர் நிலம் பறிமுதல் செய்யப்பட்டது. தராநாக்கியில், பறிமுதல் செய்த நிலத்தில் அளவைக்காரர்கள் நட்ட முளைகளைப் பிடுங்கி ஏர் உழுது எதிர்ப்புக் காட்டிய பரிஹாக்கா ஊர்க்காரர்கள் விசாரணையே இல்லாமல் தென் தீவின் சிறைகளில் அடைக்கப்பட்டார்கள். 1881 நவம்பர் 5 அன்று ஏறத்தாழ 1,600 ஆயுதப் படையினரும் தொண்டர் படையினரும் அந்த ஊருக்குள் நுழைந்தபோது, எதிரே நின்றவர்கள் பாட்டுப் பாடிய சிறுவர் சிறுமியர். வந்த படைக்குக் கொடுக்க ரொட்டி சுட்டு வைத்திருந்தார்கள். தலைவர்களான தே விட்டியும் தோஹுவும் எதிர்ப்பின்றிக் கைதானார்கள், ஊர் இடிக்கப்பட்டது. உப்புச் சத்தியாகிரகத்துக்கு அரை நூற்றாண்டு முன்னால் நடந்த இந்த அறப்போராட்டத்தை நம் பள்ளிப் புத்தகங்கள் எங்கேனும் ஒரு வரியில் குறிப்பிடலாம்.

இவை பழங்கதை என்பார்கள். 1928, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் தென்னாப்பிரிக்கா சென்ற நியூசிலாந்து ரக்பி அணிகளில், அந்நாட்டு இனவெறி அரசின் மனம் கோணக்கூடாது என்பதற்காக, மாவோரி வீரர் ஒருவரும் சேர்க்கப்படவில்லை. 1959இல் பாப்பாகுரா விடுதி ஒன்றின் மதுக்கூடத்தில், மாவோரி என்ற காரணத்துக்காக மருத்துவர் ஹென்றி பென்னட்டுக்கு மது தர மறுக்கப்பட்டது. இன்றும் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக உள்ள மாவோரியர் சிறைவாசிகளில் பாதிக்கும் மேல் இருக்கிறார்கள். சராசரி ஆயுளிலும் மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் பின்தங்கியிருக்கிறார்கள். 'சலுகை' என்று நம்மவர் சொல்வதன் அளவையும் சொல்லிவிடலாம். வைக்காட்டோ குலத்தாருக்கு 1995இல் கிடைத்த தீர்வின் மதிப்பு 170 மில்லியன் டாலர். பறிமுதலான நிலத்தைக் கொண்டு வகுத்தால் ஏக்கருக்கு 200 டாலரைக்கூட எட்டாது.

இதில் எதுவும் தானாகக் கிடைக்கவில்லை. 1975 செப்டம்பரில், 79 வயதான ஃபினா கூப்பர் வட முனையில் உள்ள தே ஹாப்புவாவிலிருந்து பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். 'இனி ஓர் ஏக்கர் மாவோரி நிலமும் போகக்கூடாது' என்ற முழக்கத்தோடு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் கடந்து அக்டோபர் 13 அன்று நாடாளுமன்றத்தை அடைந்த அந்த நடைபயணத்தின் முடிவில் சுமார் 5,000 பேர் சேர்ந்திருந்தார்கள். 1977 ஜனவரியில் ஆக்லாந்தின் பாஸ்டியன் முனையில், தங்களிடமிருந்து படிப்படியாக எடுத்த நிலத்தின் மிச்சத்தில் அரசு வீட்டுமனைகள் போட முனைந்தபோது, நாத்தி ஃபாத்துவா குலத்தார் அங்கேயே கூடாரம் அமைத்துத் தங்கினார்கள். 506ஆம் நாள் காவல்துறையும் இராணுவமும் வந்து 222 பேரைக் கைது செய்தன. அந்த இடைப்பட்ட காலம் முழுவதும் அங்கே ஒரு செங்கல்கூட வைக்க முடியாமல் போனதற்கு ஒரு காரணம், அந்த மனையில் தங்கள் உறுப்பினர் எவரும் வேலை செய்யமாட்டார்கள் என்று ஆக்லாந்து தொழிற்சங்கங்கள் தடை போட்டதுதான். பிற்காலத்தில் அந்த நிலம் குலத்தாருக்கே திரும்பியது. பிறர் துணை நின்ற வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது. அந்தத் தொழிலாளர்கள் அறிக்கை விட்டதோடு நிற்கவில்லை, கூலியை விட்டுக்கொடுத்தார்கள்.

இன்னொரு நிகழ்ச்சி சற்றுச் சங்கடமானது. 1981இல் தென்னாப்பிரிக்க ரக்பி அணி இங்கு வந்தபோது பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். ஹாமில்டன் மைதானத்துக்குள் புகுந்து ஆட்டத்தையே நிறுத்தினார்கள். அப்போது மாவோரி செயல்பாட்டாளர்கள் தங்கள் வெள்ளைத் தோழர்களிடம், தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்கள் வாழும் சொவெட்டோவுக்காக அடி வாங்கும் நீங்கள் உள்ளூரில் நடப்பதற்கு எங்கே போனீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் புகுந்தவர்களிடமிருந்துதான் ஒப்பந்தத்தைப் பற்றிய கல்வி வெள்ளையர் நடுவே பரவத் தொடங்கியது.

அதே கேள்வி நமக்கும் உண்டு. ஈழத்துக்காக இங்கே கூடும் நாம், மாவோரியரின் போராட்டத்தை உடனே நம் போராட்டத்தோடு ஒப்பிட்டு உணர்ச்சிவசப்படுவது எளிது. நானும் அப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்த நாட்டில் நாம் நிற்பது நிலம் இழந்தவர்களின் பக்கத்தில் அன்று, குடியேறியவர்களின் பக்கத்தில். ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் குடியேறுவோர் பெருகி வருவதை ஒப்பந்தத்தின் ஆங்கில முகவுரையே காரணமாகச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் ஆசியர் இல்லை. 1987இன் குடியேற்றச் சட்டம் பிறந்த நாட்டை வைத்துத் தரம் பிரிப்பதைக் கைவிட்ட பிறகுதான் நம்மவர் பெருமளவில் வரத் தொடங்கினோம். நம் கடவுச்சீட்டில் விசா கொடுக்கும் அதிகாரம் அரசுக்கு எங்கிருந்து வந்தது? ஆள்வதற்கு இடம் கொடுத்த அதே ஒப்பந்தத்திலிருந்துதான். முதல் பிரிவின் பலனை அனுபவித்துக்கொண்டு, நிலத்தையும் தலைமை அதிகாரத்தையும் மாவோரியரிடமே விட்ட இரண்டாம் பிரிவைக் 'காலாவதியானது' என்று சொல்வது நமக்கு அழகன்று. ஒப்பந்தத்தின் வழியே இங்கு இடம் பெற்றவர்களை மாவோரியர் 'தங்கத்த திரித்தி' என்கிறார்கள். விரோதமாகச் சொல்வதன்று அது. உறவு வைத்து அழைப்பது.

நமக்கு முன் வந்த இந்தியர்கள் பட்டதும் நினைவில் இருக்கவேண்டும். ஆக்லாந்துக்குத் தெற்கே உள்ள புக்கெகோஹேயில் 1920களின் நடுவில் வெள்ளை நியூசிலாந்து லீக் என்ற அமைப்பு, அங்கே காய்கறி பயிரிட்ட குஜராத்தியருக்கும் பஞ்சாபியருக்கும் சீனருக்கும் நிலம் கொடுக்கக் கூடாது என்று இயக்கம் நடத்தியது; அதை எதிர்கொள்ளவே 1926இல் இந்தியர்களின் மத்திய சங்கம் உருவானது. அதே ஊரில்தான் மாவோரியரை முடிதிருத்தும் கடைகள் திருப்பி அனுப்பின, திரையரங்கு தனியாக உட்காரவைத்தது. அன்று இரு சாராரையும் ஒதுக்கிய ஊரில் இருந்தது ஒரே நியாயம்தான்.

2024 நவம்பர் 19 அன்று, அந்த மசோதாவை எதிர்த்து வட முனையிலிருந்து புறப்பட்ட மாபெரும் நடைபயணம் வெலிங்டனை அடைந்தபோது நான் தெருவோரம் நின்றிருந்தேன். காவல்துறைக் கணக்கில் 42,000 பேர். கறுப்பும் சிவப்பும் வெள்ளையுமாகக் கொடிகள். சக்கர நாற்காலியில் பாட்டிகள். தந்தையரின் தோளில் குழந்தைகள். ஆசிய இளைஞர்கள் தனிப் பதாகையுடன் வந்திருந்தார்கள். தமிழ் எழுத்தில் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. மசோதாவைப் பற்றி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் குழுவிடம் குவிந்தன, அவற்றில் ஏறத்தாழ 90 சதவீதம் எதிர்ப்பு. 2025 ஏப்ரல் 10 அன்று 112க்கு 11 என்ற வாக்குகளில் மசோதா தோற்றது. மாவோரியர் எல்லோரும் ஒரே கருத்தினர் என்று நான் சொல்ல வரவில்லை; சீமோரே மாவோரி வம்சாவளியினர்தான்.

மசோதா போனாலும் அதன் நோக்கம் வேறு வழிகளில் தொடர்கிறது. 2022இல் அமைத்த மாவோரி சுகாதார ஆணையம் 2024இல் கலைக்கப்பட்டது. உள்ளாட்சி மன்றங்களில் மாவோரி வட்டங்களை, அதாவது மாவோரி வாக்காளர்கள் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதிகளை, வைத்துக்கொள்ள வேண்டுமா என்று, 2025 அக்டோபர் 11 அன்று முடிந்த தேர்தலோடு 42 மன்றங்களில் வாக்கெடுப்பு நடந்தது. கிராமப்புற மக்களுக்குத் தனி வட்டம் அமைக்க அப்படி எந்த வாக்கெடுப்பும் தேவையில்லை. மாவோரி வட்டத்துக்கு மட்டும்தான் தேவை. 'எல்லோருக்கும் ஒரே சட்டம்' என்ற தங்கள் வாசகர் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இந்நாட்டில் வாக்களிக்கக் குடியுரிமை தேவையில்லை. நிரந்தர வதிவிட உரிமையும் ஓராண்டு வாழ்ந்திருப்பதும் போதும். வெலிங்டனிலும் ஹாமில்டனிலும் பாமர்ஸ்டன் நார்த்திலும் உள்ள தமிழர்களில் பலர் இத்தகைய வாக்கெடுப்பில் பங்குபெறத் தகுதியுள்ளவர்கள். வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். நம் வீடுகள் பலவற்றில் அது விளம்பரத் தாள்களோடு சேர்ந்து குப்பைக்குப் போவதே வழக்கம். தங்கள் நாளிதழை இணையத்தில் படிக்கும் நியூசிலாந்துத் தமிழர்கள், இனி இப்படி ஒரு வாக்கெடுப்பு வரும்போது அந்த உறையைப் பிரித்து, மாவோரி வட்டம் பற்றிய கேள்விக்கு 'இருக்கட்டும்' என்ற பக்கத்தில் குறியிட்டு, நாள் தவறாமல் தபாலில் சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
வெலிங்டன், நியூசிலாந்து.