மூன்றாவதைப் பற்றி

கண்ணு,

உன் மூன்றாவது கரு கலைந்ததற்கு ஆறுதலாக நேற்று ஃபோனில் நான் சொன்ன ஒரு வார்த்தை ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. "அதான் ரெண்டு இருக்கே, மனசத் தேத்திக்கோ" என்றேன். நீ "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். அந்த "சரிம்மா" எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் இதே ஆறுதலைக் கேட்டு, இதே மாதிரி தலையாட்டியவள் நான். இருந்தும் என் வாயிலிருந்தே அது வந்துவிட்டது. மன்னித்துக்கொள்.

உனக்கும் தம்பிக்கும் பிறகு எனக்கும் ஒன்று தங்கவில்லை. பத்தாவது வாரம். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ அப்போது சின்னப் பெண், நான் ஏன் படுத்தே இருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

இரண்டு பெற்றவளுக்கு வலி குறைவு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி இருக்கவில்லை. டெஸ்ட்டில் இரண்டு கோடு விழுந்த அன்றே தோளில் ஒரு கனம் வந்து உட்கார்ந்துவிட்டது. உச்சந்தலை வாசம் எப்படி இருக்கும், பால் குடித்தபடியே கண் சொருகும்போது விரல் எப்படித் தளரும் என்றெல்லாம் தெரிந்தவளுக்கு, வரப்போவது வெறும் புள்ளியாகவா தெரியும்? போனது என்ன என்று உனக்கு அணு அணுவாகத் தெரியும். அதனால்தான் இவ்வளவு அழுகை.

"ரெண்டு தடவை ஒழுங்கா பெத்த உடம்பு, இப்ப என்னம்மா ஆச்சு? சின்னவனைத் தூக்கினேனே, அதனாலயா?" என்று கேட்டாய். அதனால் இல்லை. தூக்கியதாலும் இல்லை, வேலைக்குப் போனதாலும் இல்லை. இத்தனை வருஷத்தில் படித்தும் கேட்டும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கர்ப்பம் என்று தெரியவந்த பிறகும் நூற்றுக்கு 10 முதல் 20 வரை கலைந்துபோகின்றன. பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். அந்த நேரத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதி, கருவில் பரம்பரைக் குணங்களைச் சுமக்கிற குரோமோசோம் இழைகளின் எண்ணிக்கை பிசகியதால். கரு உருவாகும்போதே விழுந்துவிடுகிற பிசகு அது. முன்னால் இரண்டு நல்லபடியாகப் பிறந்தது அதற்குக் காவல் இல்லை. வயது ஏற ஏற இது கூடும் என்பதும் உண்மைதான். வயது ஏறியது உன் குற்றமா?

மிச்சம் இருக்கிற டெஸ்ட் கிட்டை எடுத்துப் பார்க்காதே. உடம்பில் இருக்கிற கர்ப்ப ஹார்மோன் இறங்கச் சில வாரம் பிடிக்கும், அதுவரை கோடு விழலாம். அந்தக் கோடு உன்னைக் கொன்றுவிடும். உதிரப்போக்கு இரண்டு வாரம் வரை இருக்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேடு நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால், இல்லை காய்ச்சலோ துர்நாற்றமோ வந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

பெரியவளுக்கு விஷயம் தெரியும் என்றாய். "பாப்பா தூங்கிடுச்சு" என்று சொல்லிவிடாதே, அப்புறம் அவள் தூங்கவே பயப்படுவாள். "பாப்பா வளரல, செத்துப்போச்சு, அதான் அம்மா அழறேன்" என்று நேராகச் சொல். உன் மடியில் ஏறிக் குதித்ததால்தான் இப்படி ஆயிற்று என்று குழந்தைகள் உள்ளுக்குள் நினைத்துக்கொள்ளும். அவள் கேட்காவிட்டாலும் "உன்னால இல்லடி" என்று ஒரு தடவை சொல்லிவிடு.

மாப்பிள்ளை பேசாமல் இருக்கிறார் என்று வருத்தப்பட்டாய். அவரை யாராவது "எப்படி இருக்கீங்க" என்று கேட்டார்களா? எல்லாரும் உன்னைத்தானே கேட்டோம். இன்று நான் அவரைக் கூப்பிட்டுப் பேசுகிறேன்.

என்னுடையது டிசம்பர் முதல் வாரம் பிறந்திருக்க வேண்டியது. இன்னமும் அந்த வாரம் வந்தால் வயதைக் கணக்குப் பார்ப்பேன். உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லாமல் சுமந்ததில் எனக்கு ஒரு நன்மையும் இல்லை, கண்ணு.

உனக்கும் ஒரு தேதி குறித்துக் கொடுத்திருப்பார்களே. அதை எனக்கும் சொல். நானும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அம்மா