"இதற்கு என்ன விலை கிடைக்கும்?" என்று கேட்பவரைத் துரத்தாதீர்கள்

மூத்த நாணயச் சேகரிப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் இந்தப் பக்கம் வந்து அதிக காலம் ஆகவில்லை. நீங்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்கும் வருகிறேன். பெரும்பாலும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன். காசை விளிம்பில் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது என்பதிலிருந்து எனக்குத் தெரிந்த எல்லாமே உங்களில் யாரோ ஒருவர் சொன்னதுதான். அந்த நன்றி மாறாமல்தான் இதை எழுதுகிறேன்.

நம் குழுக்களில் அடிக்கடி நடப்பது இது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு படம் போடுகிறார். படம் மங்கலாக இருக்கும், காசு உள்ளங்கையில் இருக்கும், பாதி நிழலில் கிடக்கும். கீழே ஒரு வரி: "சார், இதற்கு என்ன விலை கிடைக்கும்?" உடனே நாலைந்து சிரிப்புப் பொம்மைகள் விழும். "இது குப்பை", "கிலோ கணக்கில் கிடைக்கும்", "குழு விதியைப் படிக்கவில்லையா?" என்று வரிசையாக வரும். சில குழுக்களில் அட்மின் அவரை எடுத்தே விடுவார். அவர் திரும்பி வருவதில்லை.

அந்தக் கேள்வியில் அப்படி என்ன குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை. காசைப் பார்த்து விலை கேட்பது மனித இயல்பு. ஆயுள் முழுக்கக் காசைப் பொருள் வாங்கவும் விற்கவும் மட்டுமே பயன்படுத்தியவர், அதை வரலாறாகப் பார்க்க எங்கே கற்றிருப்பார்? வீட்டில் ஒரு பெரியவர் இறந்துபோயிருப்பார். டிரங்குப் பெட்டியைத் திறந்தால் மஞ்சள் துணி முடிச்சில் நாலு வெள்ளி ரூபாய், ஒரு ஓட்டைக் காலணா, கொஞ்சம் நயா பைசா. கேட்பதற்கு வேறு ஆள் இல்லாமல் உங்களிடம் வருகிறார். விலை கேட்பது அவருக்குத் தெரிந்த ஒரே வாசல். அந்த வாசலிலேயே நிறுத்தித் திட்டினால் உள்ளே இருப்பதை அவர் எப்போது பார்ப்பார்?

நீங்கள் பதில் சொல்லாவிட்டால் பதில் சொல்ல வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள். வைஷ்ணவி தேவி உருவம் போட்ட ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம், 786 என்று முடியும் நோட்டுக்குப் பல லட்சம் என்று விளம்பரம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆசையோடு அழைத்தால் முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் கமிஷன் என்று கறந்துகொண்டே போவார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டு ஒரு சான்றிதழ்கூட அனுப்புவார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி அறிக்கை விட்டது: பழைய நோட்டு, நாணயங்களை வாங்கி விற்கும் வேலையில் தான் ஈடுபடுவதில்லை, அதற்காக எந்தக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று. இது நம் குழுக்களில் எல்லோருக்கும் தெரியும். தெரிய வேண்டியவர்களை நாம்தான் குழுவை விட்டு வெளியே அனுப்பிவிட்டோம்.

நான் இருக்கும் குழு ஒன்றில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒருவர் அந்த வைஷ்ணவி தேவி காசின் படத்தைப் போட்டார். சிரித்தார்கள், விலகிவிட்டார். கொஞ்ச நாள் கழித்து, அவர் யாருக்கோ பணம் அனுப்பி ஏமாந்த செய்தி வந்தது. "அது இப்போதும் செல்லும் காசுதான், புழக்கத்துக்காகவே நிறைய அச்சடித்தார்கள், லட்சமெல்லாம் யாரும் தர மாட்டார்கள்" என்று அன்றைக்கு ஒருவர் எழுதியிருந்தால் போதும். அந்த மனிதரின் பணம் மிஞ்சியிருக்கும். எனக்கு அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் கசப்பானது. குழுவில் "சாதாரணக் காசு" என்று கைகழுவிவிட்டு, தனியாக மெசேஜ் போட்டு "எனக்குக் கொடுங்கள், ஏதோ பார்த்துத் தருகிறேன்" என்று கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விக்டோரியா ரூபாய்களை வெள்ளி எடைக்கும் குறைவாகக் கேட்டு வந்த மெசேஜை என்னுடன் சேர்ந்த ஒரு அக்கா எனக்குக் காட்டினார். பெண்கள் என்றால் இது கூடுதலாக நடக்கிறது. "இவர்களுக்கு என்ன தெரியப்போகிறது" என்ற நினைப்புதான் காரணம். வியாபாரம் செய்வதில் தவறில்லை. எல்லோர் முன்னாலும் சொன்ன மதிப்பைத் தனியறையில் மாற்றுவதுதான் தவறு. இதைச் செய்பவர்கள் சிலர்தான், ஆனால் அது தெரிந்தும் பேசாமல் இருப்பவர்கள் பலர்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரே கேள்வியை ஆயிரம் பேர் கேட்டால் யாருக்கும் சலிக்கும். படத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாத நிலையும் உண்டு. 1862 என்று ஆண்டு போட்ட விக்டோரியா ரூபாயையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டை அப்படியே நிறுத்திவைத்து அடுத்த பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அதையே அச்சடித்தார்கள். பம்பாயில் அச்சடித்த காசுகளில் பின்பக்கத்துப் புள்ளிகளை எண்ணித்தான் எந்த ஆண்டுக்குரியது என்று கண்டுபிடிக்க வேண்டும். மங்கலான படத்தில் புள்ளியை எப்படி எண்ணுவது? 1939 ரூபாய் என்று யாராவது கொண்டுவந்தால், அது அரிய காசு என்பதாலேயே போலிகள் அதிகம், கையில் வாங்கிப் பார்க்காமல் நீங்கள் வாய் திறக்க மாட்டீர்கள். அது சரியான எச்சரிக்கைதான். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போகிறவர்களும் உண்டு, அதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் ஒரு பதில் எவ்வளவு தூரம் போகிறது என்பதை நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பார்க்க முடியாது. நான் ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்து ரூபாய்களைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தபோது ஒரு பெரியவர் விலை எதுவும் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். 1947 ரூபாய், பின்னால் புலி இருக்கிறதே அது, டக்கென்று ஒட்டிக்கொண்டது. 1944 ஒட்டவில்லை. "ஒட்டியது நிக்கல். ஒட்டாததில் பாதிதான் வெள்ளி. 1940க்கு முன்னால் இருந்த 91.7 சதவீதத்தைப் போர்க்காலத்தில் 50 ஆக்கினான். சுதந்திரம் வந்த வருஷம் அதுவும் இல்லாமல் போச்சு" என்றார். இரண்டாம் உலகப்போரில் வெள்ளிக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை நான் ஒரு மேசைமேல் இரண்டு காசுகளில் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் எடை மெஷின் வாங்கினேன். நல்ல ரூபாய் 11.66 கிராம் வர வேண்டும் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு விலை கேட்கவே எனக்கு நேரம் இல்லை. இன்றைய காசில் ஆண்டுக்குக் கீழே சாய்சதுரம் இருந்தால் அச்சடித்த இடம் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா என்று தெரிந்த நாளிலிருந்து கடைக்காரர் தரும் சில்லறையைக்கூடத் திருப்பிப் பார்க்கிறேன். 1985 ஒரு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே எச் என்ற எழுத்தைக் கண்டு, அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அச்சாகி வந்தது என்று தெரிந்தபோது வந்த சந்தோஷத்தை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நீங்களும் ஒருநாள் அதை அனுபவித்திருப்பீர்கள்.

துரத்தினால் இழப்பு அவருக்கு மட்டும் இல்லை, காசுக்கும்தான். விலை கேட்டுப் பதில் கிடைக்காதவர் வீட்டில் செய்யும் முதல் காரியம், காசைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்ப்பது. பளபளத்தால் விலை கூடும் என்ற நம்பிக்கை. நூற்றைம்பது வருடம் காற்றுபட்டு ஏறிய நிறம் ஒரு நிமிடத்தில் போய்விடும், திரும்ப வரவே வராது. இல்லாவிட்டால் மலிவான பிவிசி கவரில் போட்டு வைப்பார். சில ஆண்டுகளில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறிக் காசைத் தின்னும். இரண்டும் இல்லாவிட்டால் நகைக்கடையில் எடைக்குப் போட்டு உருக்கிவிடுவார். "தேய்க்காதீர்கள், பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்" என்று எழுதப் பத்து விநாடி ஆகுமா? அந்தக் காசு நாளைக்கு உங்களில் ஒருவர் ஆல்பத்துக்கே வரக்கூடும்.

நம் ஊரில் நாணயவியல் எப்படி வளர்ந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த வெள்ளி, செப்புக் காசுகளைப் பழைய உலோகமாகப் பார்க்காமல் உற்றுப் பார்த்த சேகரிப்பாளர்கள் இருந்ததால்தான் மாக்கோதை, கொல்லிப்புறை, குட்டுவன் கோதை என்ற சேரப் பெயர்கள் காசுகளில் நமக்குப் படிக்கக் கிடைத்தன. இரா. கிருஷ்ணமூர்த்தி பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். அவர் ஒரு பாண்டியச் சதுரக் காசில் தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் பெருவழுதி என்ற பெயரைப் படித்தார். சங்கப் பாட்டில் வரும் பெயர் செம்பில் வந்து நின்றது. தேய்ந்த ஒரு காசை அலட்சியப்படுத்தாத பழக்கத்தில்தான் இந்தத் துறையே நிற்கிறது. காசுக்குக் காட்டும் பொறுமையில் கொஞ்சத்தை அதைக் கொண்டுவருகிற ஆளுக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

புதியவருக்குச் சட்டமும் தெரியாது. நூறு ஆண்டு பழைய காசு தொல்பொருள் கணக்கில் வரும், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது என்பது தெரியாமல், வெளிநாட்டில் கேட்கிறார் என்று கூரியரில் அனுப்பக் கிளம்புவார். நிலத்தைத் தோண்டும்போது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878லிருந்தே சட்டம் இருக்கிறது. இதை யார் அவருக்குச் சொல்வது? குழுவில் சேர்ந்த அன்றைக்கே நீங்கள்தான் சொல்ல வேண்டும். போலீஸ் வந்து சொல்லும் நிலை வரக்கூடாது.

நடைமுறைக்கு வருகிறேன். எல்லோருக்கும் எல்லா நேரமும் பதில் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது உங்களை வதைப்பதாகும். ஒவ்வொரு குழுவிலும் அடிக்கடி வரும் காசுகளுக்குத் தமிழில் ஒரு பதிவைத் தயாராக வைத்திருக்கலாம். 1818 என்று போட்டு ஒருபக்கம் ராமர் பட்டாபிஷேகமும் மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியும் இருக்கும் காசு, கம்பெனி அச்சடித்ததே இல்லை என்று அதில் இருக்கட்டும். 1964இல் வந்த நேரு காசு சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம், ஆனால் எங்கும் கிடைக்கும் என்று இருக்கட்டும். வைஷ்ணவி தேவியும் ரிசர்வ் வங்கி எச்சரிக்கையும் அதிலேயே மேலே இருக்கட்டும். கேட்பவருக்கு அதை அனுப்பினால் போதும், சிரிப்புப் பொம்மை வேண்டாம். எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். தவறுகளை நீங்கள் திருத்துங்கள். என்னைப் போல இப்போதுதான் கற்றுக்கொண்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். முதல் சுற்றுக் கேள்விகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எங்களுக்குத் தெரியாதது வரும்போது மட்டும் உங்களிடம் வருகிறோம்.

அப்புறம் அந்தத் தனி மெசேஜ் விஷயம். புதியவரின் காசை வாங்க விரும்புகிறவர் குழுவிலேயே விலையைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். மீறினால், கேள்வி கேட்ட புதியவரை நீக்கிய அதே வேகத்தில் அவரையும் நீக்குங்கள், அவர் எத்தனை ஆண்டுகள் மூத்தவராக இருந்தாலும் சரி.

இந்த மாதக் கூட்டத்துக்கு வருகிறேன். பதிவின் முதல் வரைவை அச்செடுத்துக் கொண்டுவருகிறேன். காந்தம் வைத்திருக்கும் பெரியவர் ஒருமுறை படித்துப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் குழுக்களில் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருத்தி