அடைப்பு இல்லை என்றால் நோயே இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நெடுந்தீவுப் பக்கம் நம் மீனவர் படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால் எத்தனை படகு, எத்தனை பேர், எந்த கோர்ட்டில் ஆஜர் என்பதெல்லாம் மறுநாளே உங்கள் நாளிதழில் வந்துவிடுகிறது. அந்தச் சேதி கரையில் இருக்கும் பெண்களின் உடம்பை என்ன செய்கிறது என்பதையும் எழுதுங்கள்.

எங்கள் பெரியம்மா, மகன் போன படகு பிடிபட்ட படத்தை யாரோ அனுப்பிய வாட்ஸ்அப்பில்தான் பார்த்தார். கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. நெஞ்சு இறுக்கி, மூச்சு வாங்கியது. இசிஜியில் மாற்றம், இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதமும் கூடுதல். மாரடைப்பு என்று மதுரைக்குக் கொண்டுபோனோம். ஆஞ்சியோவில் இதய ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை. இதயத்தின் இடது கீழறை நுனி சுருங்காமல் பலூன் மாதிரி உப்பிக் கிடப்பது எக்கோவில் தெரிந்தது. 'டகோட்சுபோ' என்றார்கள். 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த நோய். அதிர்ச்சியில் அட்ரினலின் அளவுக்கு மீறிச் சுரந்து இதயத் தசையைத் தற்காலிகமாக முடக்கிவிடுகிறது. இது வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். 2004 அக்டோபரில் ஜப்பானின் நிகாட்டா நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்தப் பகுதியில் இந்த நோய் கூடியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் கரையில் இதைக் கணக்கெடுப்பார் யார்? விசைப்படகுகள் கடலுக்குப் போகாத, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான், வருமானம் இல்லாவிட்டாலும், இங்கே பெண்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

சில வாரங்களில் பெரியம்மாவின் இதயம் பழைய நிலைக்கு வந்தது. "ஒண்ணுமில்லையாம், பயந்துட்டாளாம்" என்று ஊரே பேசி முடித்துவிட்டது. ஆனால் இந்த நோய் திரும்ப வரும். ஒருமுறை வந்தவர்களில் ஆண்டுக்கு நூறு பேரில் ஒருவர் இருவருக்கு மறுபடி வருகிறது. துக்கச் சேதிதான் வேண்டுமென்பதில்லை. ஆஸ்துமா, கிருமித் தொற்று, ஆபரேஷன்கூடத் தூண்டிவிடும். பெரியம்மாவுக்கு இரண்டாம் முறை வந்தது கடுமையான ஆஸ்துமா இழுப்புக்குப் பிறகு. பக்கத்தில் ஓரிடத்தில் வாயு என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரவில் நுரையீரலில் நீர் கோத்து, 108-ல் ஏற்றி, பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பிழைத்தது எங்கள் புண்ணியம். இந்த நோயோடு ஆஸ்பத்திரியில் சேருபவர்களில் நூறுக்கு நான்கைந்து பேர் இறந்துபோகிறார்கள்.

பழைய நோய்தானே என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் ஆபத்து. வலியை வைத்து இதுவா, அசல் மாரடைப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்குமே உடனே ஆஸ்பத்திரிதான். திரும்ப வராமல் தடுக்கும் என்று உறுதியான மாத்திரை எதுவும் இன்னும் இல்லாததால் இந்த விழிப்பு இன்னும் அவசியம்.

மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் பிரஷர், சுகர் பார்க்க வீடு தேடி வருகிறார்கள். இந்த நோய் வந்துபோன பெண்களையும் அவர்கள் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். படகு பிடிபட்ட சேதியை, வாட்ஸ்அப் முந்துவதற்குள், மீன்வளத் துறையோ மீனவர் சங்கமோ ஆள் அனுப்பி வீட்டில் நேரில் சொல்லட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு தமிழில் ஒரு பக்கம் கொடுக்கச் சொல்லுங்கள்: என்ன நோய், திரும்ப வரலாம், நெஞ்சு வலித்தால் இந்தத் தாளைக் காட்டு என்று. எங்கள் வீட்டில் அந்த ஆங்கிலத் தாள் பீரோவுக்குள் கிடந்தது. இரண்டாம் முறை அதை எடுத்துப்போக வேண்டுமென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம்.