கொலுசைக் கழற்ற வைக்கும் எடைமெஷின்: சைக்கிள் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லைச் சீமையில் சைக்கிள் பந்தயத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கும் அண்ணாச்சிமாருக்கு, வணக்கம்.

போன சனிக்கிழமை காலை பாளையங்கோட்டையில் ஒரு மைதானத்து ஓரமாக நின்று பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியைத் தொடும் முன்பே பிள்ளைகள் வரிசையாக எடைமெஷினில் ஏறினார்கள். பதினாலு வயசு இருக்கும் ஒருத்திக்கு. தன் முறை வந்ததும் ஷூவைக் கழற்றினாள், கிளிப்பை எடுத்தாள், அப்புறம் குனிந்து இரண்டு கொலுசையும் கழற்றித் தோழி கையில் கொடுத்துவிட்டு ஏறினாள். அந்தக் கொலுசு என்ன கனம் கனத்துவிடப் போகிறது? நானும் அப்படி ஒரு வரிசையில் நின்றவள்தான். முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நின்றவள்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயசு, 58 கிலோ. "ஆறு கிலோவக் கொற, ஏத்தத்துல பறந்துருவ" என்றார் என் பயிற்சியாளர். கெட்ட மனுசர் இல்லை. தன் காசில் எனக்கு டயர் வாங்கித் தந்தவர். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். வெறும் வயிற்றோடு பாபநாசம் போய்த் திரும்புவேன், நூறு கிலோமீட்டர் பக்கம். முதல் மூன்று கிலோ இறங்கியபோது, பொய் சொல்லக் கூடாது, புளியரை வளைவுகளில் சுகமாகத்தான் ஏறினேன். அடுத்த மூன்று கிலோதான் ஆளைத் தின்றது. நாலு மாதம் தீட்டு வரவில்லை. தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஆச்சி மட்டும் ஒன்றும் கேட்காமல் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி முன்னால் வைத்தாள். நான் தொடவில்லை.

அந்த ஆடியில் நாங்குநேரியிலிருந்து தெற்கே ஒரு பந்தயம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், நான் எந்த மூலைக்கு? வலப்பக்கம் வந்து அறைகிற மேல்காற்றில் வள்ளியூர் வரும் முன்பே கூட்டத்தை விட்டுக் கழன்றுவிட்டேன். என்னைத் தாண்டிப் போன அக்காவுக்கு 64 கிலோ இருக்கும்.

கணக்கு உங்களுக்குத் தெரியாதது இல்லை. சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது நம்மைப் பிடித்து இழுப்பதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் காற்றுதான். எடை பேசுவது ஏற்றத்தில். அங்கேயும், ஆளும் வண்டியுமாக 70 கிலோ என்றால் ஒரு கிலோ குறைந்ததற்குக் கால் மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது பதிமூன்று விநாடி. அதுவும் காலில் பலம் குறையாமல் இருந்தால். நம் பந்தயங்களில் முக்கால்வாசி நாற்கரச் சாலையில்தானே நடக்கிறது?

சீட் விஷயத்தை யாரும் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். சதை வற்றியதும் எலும்பு நேரே சீட்டில் உட்கார்ந்தது. தொடையிடுக்கில் கொப்புளம். ஆம்பிளைப் பயிற்சியாளரிடம் எதைச் சொல்ல? முப்பது கிலோமீட்டர் பெடலில் நின்றபடியே ஓட்டியிருக்கிறேன். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது, அதன் தையல்தான் அறுக்கும் என்று மூன்று வருசம் ஒருத்தரும் சொல்லவில்லை. சீட்டும் பையன்களுடையது, ஒடுக்கம். பெண்பிள்ளைகளுக்கு உட்காரும் எலும்புகளின் இடைவெளி பெரும்பாலும் கூடுதல். அதை அளக்கக் கடைக்கும் போக வேண்டாம். அட்டைப்பெட்டி அட்டை ஒன்றைக் கெட்டியான பெஞ்சில் போட்டு, முழங்காலை உயர்த்தி அழுந்த உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி விழும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு ஸ்கேல் வைத்தால் போதும். சீட் மாற்றிய மாதமே என்னால் கீழே குனிந்து கைப்பிடியைப் பிடித்து ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்ட முடிந்தது. குனிந்தால் காற்றின் இழுப்பு குறையும் இல்லையா, எடை குறைத்து வராத வேகம் அதில் வந்தது.

தேவைக்குத் தின்னாமல் பயிற்சி செய்தால் தீட்டு நிற்கும், எலும்பு மெலியும், பலம் போகும். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே இதற்கு 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்து எச்சரித்தது. பையன்களுக்கும் வருவதுதான் இது. சைக்கிளில் உடம்பின் பாரம் எலும்பில் இறங்குவதில்லை. அதனால் நம் ஆட்களுக்கு எலும்பு ஏற்கெனவே தொட்டால் ஒடிகிற கட்சி. பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று உலக சைக்கிள் சங்கம் 2000த்திலிருந்தே விதி வைத்திருக்கிறது. ஓட்டுகிற பிள்ளைக்கு அப்படி ஒரு கோடு நாம்தான் போட வேண்டும்.

வளர்ந்த ஆள், நிஜமாகவே கூடுதல் எடை என்றால், பந்தயம் இல்லாத மாதங்களில் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் போகாமல் குறைக்கட்டும். கடினமான பயிற்சி நாளில் குறைக்க வேண்டாம். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும்; மூன்று நாலு சின்ன வாழைப்பழம், இல்லையென்றால் பழத்தோடு கோவில்பட்டி கடலைமிட்டாய். பதினாலு வயசுப் பிள்ளையிடம் எடைப் பேச்சே வேண்டாம், அண்ணாச்சி. அது வளருகிற உடம்பு.

ஒரு வருசம் ஆச்சி கையால் தின்று 57 கிலோவுக்குத் திரும்பினேன். என் நல்ல நேரங்கள் எல்லாம் அந்த எடையில் ஓட்டியவைதான்.

வருகிற சனிக்கிழமை ஆறு மணிக்கு அட்டையும் ஸ்கேலுமாக மைதானத்துக்கு வருகிறேன். பெண்பிள்ளைகளுக்கு நானே அளந்து தருகிறேன். அன்றைக்கு மட்டுமாவது அந்த மெஷின் அறையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து, பழைய ஓட்டக்காரி ஒருத்தி