பவளத்துக்காக ஒரு தொட்டி

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். என் வாழ்த்தை அவளிடம் சொல். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் விடுதிக்குப் போனபிறகு அவன் அறையில் ஒரு சுவரோரம் காலியாகவே கிடக்கிறது. நான் சொல்லிக்கொண்டிருந்த, மீன் இல்லாமல் உயிருள்ள கடல் பவளங்களை வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியை அங்கேதான் வைக்கப்போகிறேன்.

மீனே இல்லாமல் தொட்டியில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். மீன் இருக்கும் தொட்டியில் கண் தானாக மீன் பின்னால்தான் ஓடும், பவளம் வெறும் பின்னணியாகிவிடும். எனக்குப் பவளத்தையே பார்க்க வேண்டும். மைக்ரோமுசா என்று ஒரு கல்பவளம் இருக்கிறது. பகலில் பார்த்தால் சதைப்பிடிப்பான சிவப்பு வட்டங்கள் ஒட்டிக் கிடப்பதுபோல இருக்கும், அசைவே தெரியாது. விளக்கு அணைந்தபிறகு, அரைத்த இறாலைத் துளி நீரில் கரைத்து அருகில் விட்டால், ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பிலிருந்தும் கண்ணாடி இழைபோலக் கைகள் நீளும். ஒரு துணுக்கை மேலே வைத்தால் அந்தக் கைகள் அதைப் பிடித்துக்கொள்ளும், நடுவில் வாய் மெதுவாகப் பிளக்கும். விழுங்கி முடிக்கப் பல நிமிடம் ஆகும். இவ்வளவும் செய்கிற பிராணி, உணவின் பெரும்பங்கைத் தன் சதைக்குள் குடியிருக்கும் ஒரு செல் பாசிகளிடமிருந்து பெறுகிறது. பாசிக்கு வெளிச்சம் வேண்டும், அதனால்தான் இந்தத் தொட்டியில் விளக்குக்கு அவ்வளவு முக்கியத்துவம்.

மீன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மீனுக்கு நோய் வந்தால் பெரும்பாலும் செம்பு கலந்த மருந்து போடுவோம். அந்தச் செம்பு பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். மீன் இல்லையென்றால் அந்தத் தலைவலியே இல்லை. ஆனால் இதற்கு மறுபக்கம் இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. மீனின் கழிவிலிருந்தும் தீனியிலிருந்தும்தான் நைட்ரேட், பாஸ்பேட் என்ற சத்துகள் வருகின்றன. அவை அடியோடு பூஜ்யமானால் பவளம் வெளிறிப்போகும், குமிழி குமிழியாகப் பழுப்பு நிறத்தில் டைனோஃபிளாஜெலட் என்ற நுண்ணுயிர்ப் படலம் வந்து மணலை மூடும். அதை ஒழிப்பது பாசியை ஒழிப்பதைவிடக் கஷ்டம். அதனால் மீன் இல்லாத தொட்டிக்கும் தீனி போட்டே ஆக வேண்டும். நைட்ரேட் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு), பாஸ்பேட் 0.05 பிபிஎம் அளவில் நிற்கட்டும் என்று நினைத்திருக்கிறேன்.

தொட்டி 60 × 40 × 25 சென்டிமீட்டர். விளிம்புவரை நிரப்பினால் 60 லிட்டர். பாறையும் மணலும் போக 50 லிட்டர் தண்ணீர் தேறும். உயரம் குறைவு என்று நீ சொல்வாய். வேண்டுமென்றேதான் வைத்தேன். வெளிச்சம் அடிவரை சுலபமாக இறங்கும், கை அடியைத் தொடும், மேலிருந்தும் பார்க்கலாம். பவளத்தின் முழு அழகு மேலிருந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

சின்னத் தொட்டியின் தொல்லை ஆவியாதல். தினம் அரை லிட்டர் போனாலே 50 லிட்டரில் நூற்றில் ஒரு பங்கு. தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு அங்கேயே தங்கிவிடும். இரண்டு மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் உப்பு ஏறிவிடும். அதனால் மட்டம் இறங்கியதும் தானாக நல்ல தண்ணீரை ஊற்றும் சென்சார் பம்ப் ஒன்று முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். பணம் மிச்சம் பிடிக்க நினைத்தால் வேறெதில் வேண்டுமானாலும் பிடிக்கலாம், இதில் கூடாது. தண்ணீரும் ஆர்.ஓ.வோடு, மிச்ச அயனிகளையும் நீக்கும் டி.ஐ. வடிகட்டியும் தாண்டி, கரைந்த பொருளின் அளவான டி.டி.எஸ். பூஜ்யம் காட்டுவதாக இருக்க வேண்டும்.

உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, வெப்பம் 25 டிகிரி, காரத்தன்மை அதன் அளவுகோலான டி.கே.எச்.சில் 8, கால்சியம் 420 பிபிஎம், மக்னீசியம் 1300 பிபிஎம். இந்த எண்கள் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் பவளம் பொறுத்துக்கொள்ளும். இன்றைக்கு 7, நாளைக்கு 10 என்று காரத்தன்மை ஆடினால்தான் தாங்காது. வாரம் 5 லிட்டர் தண்ணீர் மாற்றினால் தொடக்கத்தில் அதுவே போதும். கல்பவளங்கள் வளர வளர எலும்புக்கூடு கட்டக் கால்சியத்தையும் காரத்தையும் இழுக்கும், அப்போது தனியாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டிவரும்.

எந்தப் பவளம் வைப்பது என்பதில்தான் என் மாலை நேரமெல்லாம் போகிறது. அக்ரோபோரா என்ற கல்பவளத்தை மனதிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குக் கடுமையான வெளிச்சமும் அசையாத நீர்த்தன்மையும் வேண்டும், புதுத் தொட்டியில் வைப்பது அதற்குச் செய்கிற அநியாயம். நடுவில் கிளைவிடும் ஹேம்மர் பவளம், அதுதான் தொட்டியின் நாயகன். ஒருபுறம் டங்கன், மறுபுறம் கேண்டி கேன், அடியில் நிழலான இடத்தில் பிளாஸ்டோமுசாவும் காளான் பவளங்களும், மணலில் அந்த மைக்ரோமுசா. டார்ச் பவளம் ஹேம்மரைத் தேள்போலக் கொட்டிவிடும், அதனால் இரண்டும் ஒன்றாக வேண்டாம். கேலக்சியா என்ற பவளத்தை நினைத்தும் பார்க்கவில்லை. இரவில் அது விடும் கொட்டும் இழைகள் 30 சென்டிமீட்டர்கூட நீளும். என் தொட்டியில் பாதி அகலத்தைச் சுட்டுப்போடும். கையை மூடித் திறப்பதுபோலத் துடிக்கும் ஜீனியா பவளத்தை என் மனைவிக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அது பாறை முழுக்கப் படர்ந்துவிடும். மற்ற பாறைகளைத் தொடாத தனிக்கல் ஒன்றில் வைக்கலாம் என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

பவளத்தின் உறவான சோவாந்திட் என்ற பிராணி பற்றி மட்டும் கொஞ்சம் யோசனை. நிறத்தில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டதால் ஆவியை முகர்ந்து குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. வைத்தால் கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடமாட்டேன், அந்தக் கல் அடுப்பங்கரைப் பக்கமே போகாது.

எல்லாமே வளர்ப்பில் வெட்டியெடுத்த ஃபிராக்குகளாகத்தான் வாங்குவேன். கல்பவளங்கள் அத்தனையும், காட்டுயிர் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. 2024 ஏப்ரலில் உலகளவில் நான்காவது பெரும் பவள வெளிறல் என்று அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபிறகு கடலில் இருந்து பெயர்த்த ஒன்றை வீட்டில் வைக்க எனக்கு மனசு வராது. கட்டைவிரல் அளவு துண்டு போதும், பொறுத்திருந்தால் அதுவே குலையாகும். அதனால்தான் இரண்டு துண்டுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடுகிறேன். ஆரம்பத்தில் தொட்டி வெறிச்சென்று இருக்கும், இருக்கட்டும்.

அவசரமும் இல்லை. புதுத் தொட்டியில் பாக்டீரியா பெருகி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் சுழற்சி முடியவே நாலிலிருந்து ஆறு வாரம். அப்புறம் பழுப்புப் பாசி வந்து போகும், நத்தைகள் வரும், பிறகு காளான் பவளம். ஹேம்மரை விடுவது எல்லாம் அடங்கியபிறகுதான். அசைந்தாடும் உயிர் ஒன்றாவது வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், வாலைத் தூக்கி ஆட்டும் குட்டி இறால் ஜோடி ஒன்றுக்கு இடம் வைத்திருக்கிறேன்.

சரி, உன்னிடம் ஒரு உதவி. பாறைகளை ஒட்டி மட்டும் வைத்தால் நத்தை தள்ளியே சாய்ந்துவிடும்; துளைபோட்டு அக்ரிலிக் கம்பி கோத்து நிறுத்தலாம் என்று இருக்கிறேன். உன் பழைய டிரில் இன்னும் ஓடுகிறதா? ஓடினால் அடுத்த மாதம் வரும்போது எடுத்து வா. கல் துளைக்கிற முனை என்னிடம் இருக்கிறது, அதைத் தேட வேண்டாம்.

உன்,
பாலு