செயலாளர் ஆண்டறிக்கை: மதிப்பீட்டுத் தொழிலுக்குப் புதியவர்கள் வரும் வழி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன்பே கட்டிவிட்டால் அவருக்கு வேலை மிச்சம். ஓசூர் பக்கத்து உறுப்பினர்கள் கேட்டபடி சில கூட்டங்களை அங்கேயே வைத்தோம். வருகை நன்றாக இருந்தது, தொடரலாம்.

இந்த ஆண்டு நம் நேரத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது ஒரே கேள்விதான். சொத்து மதிப்பீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் தொழிலை எப்படிப் பழகுவது? வகுப்பும் தேர்வும் போதுமா, மூத்தவர் ஒருவரோடு ஊர் ஊராகப் போய்த்தான் ஆக வேண்டுமா?

கம்பெனிகள் சட்டத்தின் 247-ம் பிரிவின்படி 2017 அக்டோபரில் வந்த பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் விதிகள் நமக்கெல்லாம் தெரியும். நிலம், கட்டடத்துக்குப் பதிவு பெற சிவில், ஆர்க்கிடெக்சர், நகரமைப்பு இதில் ஒன்றில் பட்டம் வேண்டும், அதன்பின் 5 வருட அனுபவம் வேண்டும். 50 மணி நேர வகுப்பு முடித்து, ஐபிபிஐ எனும் திவால் வாரியம் நடத்தும் தேர்வில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். ஆனால் அந்த 5 வருடமும் மதிப்பீட்டு வேலையில்தான் இருந்திருக்க வேண்டும் என்று விதி கேட்பதில்லை. ஓசூரில் கட்டுமான வேலையில் சைட் இன்ஜினியராக நின்றவர், ஒரு சொத்தைக்கூட மதிப்பிடாமல் பதிவெண் வாங்கிவிடலாம். அப்புறம் கடனுக்கு அடமானம் வரும் சொத்துகளை மதிப்பிட வங்கிகள் வைத்திருக்கும் பட்டியலில் சேரப் போகும்போதுதான் "மதிப்பீட்டு அனுபவம் எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் அங்கேதான் முட்டி நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் சிக்கல் நேர்மாறானது. அங்கே வீடுகளை மதிப்பிடும் ஆரம்ப நிலை உரிமத்துக்கே 1,000 மணி நேரம், வணிகச் சொத்துகள் வரை போக 3,000 மணி நேரம் மேற்பார்வையாளரின் கீழ் வேலை பார்த்திருக்க வேண்டும். மேற்பார்வையாளர் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு. நேரமும் போய், நாளைய போட்டியாளரையும் நாமே வளர்ப்பதா என்று பலர் ஒதுங்கிவிட்டார்கள். அதனால் 'பாரியா' என்ற மாற்றுப் பயிற்சிக்கு 2021 ஜனவரி முதல் அங்கே வழி திறந்தது. கணினியில் மாதிரிச் சொத்துகளை வைத்து, வழிகாட்டி ஒருவரின் துணையோடு, படிப்படியாக அறிக்கை எழுதிப் பழகும் முறை அது. வீட்டு மதிப்பீட்டு உரிமங்களுக்கு அந்த அனுபவத்தை ஏற்கிறார்கள். நேரில் போகாதவனுக்கு உரிமமா என்று ஒரு பக்கமும், சொந்தக்காரர் தொழிலில் இருந்தால்தான் உள்ளே வர முடியுமா என்று மறுபக்கமும் அங்கே வாதம் நடக்கிறது.

இதை நம் கூட்டத்தில் வைத்தபோது இளையவர்கள் உற்சாகமானார்கள். மூத்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பேசித் தீராததால் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்புக்கு எல்லோரும் போனோம். பத்திரப்பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்து இரண்டு கிரயங்களையும் வைத்துத் தம்பிகள் போட்டிருந்த கணக்கில் குறை சொல்ல எதுவும் இல்லை. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தோப்பைச் சுற்றி வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, டிராக்டர் எந்த வழியா உள்ளே வரும்?" பத்திரத்தில் மாமூல் வண்டித்தடம் என்று இருந்தது. சர்வே துறையின் புலப்படத்தில் தடம் இல்லை. தரையில் பங்காளியின் கம்பிவேலி, ஓரமாக ஆள் நடக்கும் சந்து. கிணற்றில் நாலில் ஒரு பங்கு பாத்தியம், மோட்டாருக்கான மின் இணைப்போ பங்காளி பெயரில். ஒப்பிட எடுத்த இரண்டு கிரயமும் தார் ரோட்டை ஒட்டிய நிலங்கள். கடன் நின்றுபோய் அந்தத் தோப்பை வங்கி விற்க வந்தால், லேப்டாப்பில் இருந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?

வழிகாட்டி மதிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கே கொண்டுவந்தார்கள். அதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், ஒரே இரவில் நிலம் ஒன்றரை மடங்கு ஆனதாக எழுத வேண்டியிருக்கும்.

ஆக, திரையில் மட்டும் பழகினால் போதாது என்பதில் நான் மூத்தவர்கள் பக்கம். ஆனால் கூட்டிப்போகவும் மாட்டோம், மாற்று வழியும் வேண்டாம் என்றால் அது நியாயமில்லை. "கத்துக்கொடுத்தா நாளைக்குப் பாதி ஃபீஸுக்கு ரிப்போர்ட் கொடுப்பான்" என்ற பயம் எனக்குப் புரிகிறது. பழக்கம் இல்லாதவர்தான் குறைந்த ஃபீஸுக்கு, சொத்தைப் பார்க்காமலே எழுதிக் கொடுக்கிறார். ஒரு தோப்புக்கு எவ்வளவு உழைப்பு என்று தெரிந்தவர் அப்படிக் கேட்கத் துணிய மாட்டார்.

எனவே செயற்குழு வைக்கும் தீர்மானம் இது. விருப்பமுள்ள மூத்த உறுப்பினர் ஒவ்வொருவரும் ஓர் இளையவரை ஓராண்டுக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நஞ்சை, மாந்தோப்பு, டிடிசிபி (நகரமைப்புத் துறை) அனுமதி பெற்ற மனை, அனுமதி இல்லாத மனை, வாடகைக் கடை, பர்கூர் பக்கத்து கிரானைட் பட்டறை என்று வகைக்கு ஒன்றாவது கூடவே இருந்து பார்த்து, குறிப்பேட்டில் மூத்தவரின் கையெழுத்து வாங்க வேண்டும். பாரியாவிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் பழைய அறிக்கைகளில் பெயரையும் சர்வே எண்ணையும் நீக்கிவிட்டு மாதக் கூட்டத்தில் பயிற்சிக்குக் கொடுப்போம். இந்தக் குறிப்பேட்டுக்குச் சட்டத்தில் மதிப்பு கிடையாது, சரி. வேலை தெரிந்திருந்தால் போதும். இப்போதைய விதியில் டிப்ளமோ படித்தவர்களுக்குப் பதிவு இல்லை என்றாலும், அளவெடுப்பதிலும் பத்திரம் படிப்பதிலும் அவர்கள் கை தேர்ந்தவர்கள். அவர்களையும் இதில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்று மாலைக்குள் என்னிடமோ துணைச் செயலாளரிடமோ சொல்லவும்.

நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்
கிருஷ்ணகிரி