ரிபன் மாற்றிய கதை

தலவாக்கலை,
ஞாயிறு, விடாத மழை

அன்புள்ள மச்சான்,

ஏழு மாதமாகக் கடிதம் போடாததற்கு நான் என்ன சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை, அதனால் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே எல்லாரும் சுகம். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நம்ம 'கலெக்டருக்கு' அதே வாய்தான், பல்தான் இல்லை.

விஷயம் என்னவென்றால், அப்பாவின் தமிழ் டைப்ரைட்டரைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். இந்தக் கடிதம் அதில் அடித்ததுதான். கோணலாக இருந்தால் சிரிக்காதே. மெய்யெழுத்துக்குப் புள்ளியை முதலில் தட்ட வேண்டும், அப்போது உருளை நகராது, அப்புறம் எழுத்தைத் தட்டினால் தலையில் புள்ளியோடு விழும் என்பதே எனக்கு இரண்டாம் நாள்தான் ஞாபகம் வந்தது.

பழைய மை ரிபன் தொட்டால் பொடியாகிறது. ஹட்டனில் ஒரு கடைப் பையன் "பிரின்டருக்கா அங்கிள்?" என்றான். கடைசியில் மருமகன் கொழும்பில் தேடிப் பிடித்து வாங்கி வந்தான். அரை அங்குல அகலம், சரி. ஆனால் அது சுற்றியிருந்த பிளாஸ்டிக் சக்கரம் நம் மிஷினில் உட்காரவே இல்லை. நல்லவேளை, பழைய தகரச் சக்கரங்களை எறியவில்லை (இவள் எறிந்திருந்தாள், நான் குப்பையிலிருந்து பொறுக்கினேன் என்பதே உண்மை). புது ரிபனை அதில் கையாலேயே சுற்றி, மூக்கைச் சொறிந்து, பேத்தி என் மூஞ்சியைப் பார்த்து வீடு இரண்டாகச் சிரித்தாள். ண, ழ இரண்டின் சுழியிலும் மை ஏறி அடைத்திருந்தது. ஊசியும் மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷுமாக ஒரு மத்தியானம் போயிற்று.

இவ்வளவும் செய்து தாளைச் செருகித் தட்டினால் ஒன்றும் விழவில்லை. ரிபன் ஓடுகிறது, எழுத்துத்தான் இல்லை. கொழும்புக்காரன் காய்ந்த ரிபனைத் தலையில் கட்டிவிட்டான் என்று மருமகனைப் பிடித்துத் திட்டியும் ஆயிற்று. இரவில் தாளை விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தேன், மையே இல்லாமல் குழி குழியாக அத்தனை எழுத்தும் இருக்கிறது. அப்போதுதான் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன நெம்பைப் பார்த்தேன். நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று புள்ளி. நெம்பு வெள்ளையில் நின்றது.

உனக்கு ஞாபகம் வருகிறதா? வெள்ளையில் வைத்தால் ரிபன் எழும்பாது, அச்சு நேரே ஸ்டென்சில் மெழுகுத்தாளில் விழுந்து வெட்டும். வாசிகசாலை நாடகத்துக்கு நோட்டீஸ் வெட்டினோமே, லாம்பு வெளிச்சத்தில், நீ சொல்லச் சொல்ல நான் தட்டி, உன் பெயரை மட்டும் பெரிசாகப் போடச் சொல்லி நீ அடம்பிடித்து. அதை ரோனியோ மிஷினில் போட்டுப் பிரதி எடுக்குமுன்னே உங்கள் வீட்டுக்குக் கப்பல் தேதி வந்துவிட்டது. அது 1974. மறு வருஷம் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, அப்பா சங்க வேலையை விட்டார், மிஷின் பெட்டிக்குள் போனது. நெம்பை யாரும் தொடவில்லை, மச்சான். 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் நம்ம இந்திய வம்சாவளி ஜனங்களை இந்தியாவுக்கு 525,000 பேர், இங்கே 300,000 பேர் என்று பிரித்தார்களே, அந்தக் கணக்கில் உன்னை ரயிலேற்றித் தலைமன்னாருக்கு அனுப்பிய நாளிலேயே அது நின்றிருக்கிறது. ராத்திரி கொஞ்ச நேரம் அதைத் திருப்ப மனசு வரவில்லை. அப்புறம் நீலத்துக்குத் தள்ளினேன். முதலில் அடித்தது உன் பெயர்தான், சின்ன எழுத்தில்.

பெட்டியில் அந்த ஸ்டென்சில் இல்லை. சந்தேகம் முழுக்க உன்மேல்தான். கோத்தகிரியில் உன் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தால் சொல்.

கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் இரண்டு ரிபன் வாங்கி அனுப்பு. அரை அங்குலம், கறுப்பு மட்டும். சிவப்பு வேண்டாம், அந்தக் கட்சியை நீயே விட்டுவிட்டாயாமே.

உன்,
குட்டையன்